28 பசுக்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கி இன்றோடு 9 நாட்கள் ஆகின்றன. விரல் இடுக்கில் அயோடின் கறை இன்னும் போகவில்லை. ஆளுக்கொரு செய்தியாக நன்றி சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஒருவர் செய்ததை எழுதப் போனால் இன்னொருவர் அதற்குள் வந்துவிடுகிறார். அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தெற்கு கிப்ஸ்லாந்தில் இறைச்சி மாடு வளர்க்கிறான். மொத்தம் 28 ஆங்கஸ் பசுக்கள். அவற்றில் 6 தலையீற்றுக் கிடேரிகள். ஜூலை நடுவில் பட்டிக் கதவைக் காளை மோதியதில் அவன் கால் எலும்பு முறிந்தது. அந்தக் காளையைப் போன ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி மந்தையில் சேர்த்து, 6 வாரத்தில் பிரித்திருந்தான். சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். கணக்குப்படி ஆகஸ்டு 3-ஆம் தேதி தொடங்கிச் செப்டம்பர் நடுவுக்குள் 28 பசுக்களும் ஈன வேண்டும். கால் கட்டுப் பிரிக்கும்வரை அவை காத்திருக்குமா? தம்பி மனைவி மருத்துவமனையில் இரவுப் பணித் தாதி. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். நான் கிளம்பிப் போனேன். ஈசூன் அடுக்குமாடியில் வாழும் எனக்குப் பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் கட்டியிருக்கும் மாடுகளைப் பார்த்ததைத் தவிர மாட்டோடு எந்தப் பழக்கமும் இல்லை.

எங்கள் பாலர் பள்ளியின் சக ஆசிரியைகளே, 8 வாரம் சம்பளமில்லா விடுப்பு கேட்டபோது "பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், போய் வாருங்கள் அக்கா" என்றீர்கள். என் வகுப்பை நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டீர்கள். எதிர்வீட்டு மலாய்ப் பெரியம்மா, எங்கள் மக்சிக், என் அம்மாவுக்குத் தினமும் காலையில் சர்க்கரை அளவு பார்த்து, எண்ணை எனக்கு அனுப்பினார். ஒருநாள்கூடத் தவறவில்லை. அந்த எண் வந்த பிறகுதான் நான் காலைத் தேநீர் குடிப்பேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு பெரியவரிடம் அத்தை என்னை அழைத்துப் போனார். இளம் வயதில் தந்தையோடு மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர். இன்று பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களில் மட்டும் எஞ்சியிருக்கும் அந்தக் காலத்தை உடம்பில் வைத்திருப்பவர். ஐயா, நீங்கள் இரண்டு கோப்பைத் தேநீர் ஆறிப்போகும் வரை பேசினீர்கள். நான் எழுதிக்கொண்டதில் முதல் வரி இது: "ஈனப்போகும் மாட்டின் பின்னால் போய் நிற்காதே, அம்மா. தள்ளி உட்கார். நீ இருப்பதை அது மறக்க வேண்டும்." மடி பெருத்துக் காம்புகள் விறைக்கும், வாலடியின் இரு பக்கமும் தசை தளர்ந்து குழி விழும், கூட்டத்தை விட்டுத் தனியே ஒதுங்கும். இந்த மூன்றையும் பார்க்கச் சொன்னீர்கள். போவதற்கு முன் நான் பார்த்த காணொளிகள் எல்லாம் கன்றை இழுப்பதைத்தான் காட்டின. காத்திருப்பதை ஒன்றுமே காட்டவில்லை. அதை உங்களிடம்தான் கற்றேன்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், வாங்கி வைத்திருந்த வைக்கோல் உருளைகளைப் பிரித்தால் பாதி பூசணம் பிடித்துக் கிடந்தது. மழையில் நனைந்ததைக் காய்ந்தது என்று விற்றிருக்கிறார்கள். சினை மாட்டுக்குப் பூசணம் கன்று விழச் செய்யலாம் என்று தம்பி கட்டிலில் இருந்தபடியே கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் இருக்கும் வயதான தம்பதிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. மறுநாள் காலை 12 உருளைகளோடு அவர்கள் டிராக்டர் வாசலில் நின்றது. விலை கேட்டேன். "கோடையில் புல் அறுத்த பிறகு திருப்பிக் கொடுங்கள்" என்றார் அந்தப் பண்ணைக்காரர்.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீவனத்தை அந்தி சாயும் நேரத்தில் மட்டும் போடச் சொன்னார். கனடாவின் மனிடோபாவில் கஸ் கோனெஃபால் என்ற பண்ணையாளர் கண்டறிந்த வழக்கம் அது. மாலையில் தின்னும் பசுக்களில் பெரும்பாலானவை பகலில் ஈனும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் செய்தேன். 28-இல் 21 பசுக்கள் வெளிச்சத்தில் ஈன்றன. அந்த 21 இரவுகளின் தூக்கத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்.

மற்ற 7-இல் ஒன்றுதான் 17-ஆம் எண் கிடேரி.

ஆகஸ்டு 19. இரவு 11 மணி, சிங்கப்பூரில் 9. குளிர் எலும்பில் இறங்கியது. கொட்டகை விளக்கடியில் அது படுத்தது, எழுந்தது, திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பனிக்குடம் தெரிந்ததும் அத்தையை அழைத்தேன். அத்தை கேகே எனப்படும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1966-இல் அங்கே ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. அதற்கு இரண்டாண்டு கழித்து வேலையில் சேர்ந்தவர். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். "பேரைப் பார், நான் தொழில் கற்ற இடமும் தொழுவம்தான். போனை வைக்காதே" என்றார். மாட்டைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குடம் தெரிந்து எத்தனை நிமிடம் ஆகிறது? கடிகாரத்தைப் பார்த்து எழுது." நான் எழுதினேன். 11.20. 11.35. 11.50. என் மனம் கால் மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்கிக்கொண்டிருந்தது. தாளில் இருந்த எண்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

தலையீற்றுக்கு ஒரு மணி நேரம் வரை பொறுக்கலாம், அதற்குள் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் பார்க்க வேண்டும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். 12.20-க்கு ஒரு குளம்பும் மூக்கின் நுனியும் தெரிந்தன. இன்னொரு குளம்பு வரவே இல்லை. ஒழுங்காக வரும் கன்று தண்ணீரில் குதிப்பவரைப் போல இரண்டு முன்னங்கால்களையும் நீட்டி, அவற்றின் மேல் தலையை வைத்து வரும். இதற்கு ஒரு கால் உள்ளே மடங்கிப் பின்னால் போயிருந்தது. கால்நடை மருத்துவர் வேறொரு பண்ணையில் வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுத்துக்கொண்டிருந்தார். வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரை எழுப்பினேன். தூங்கும் உடைமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர், கையுறை போட்ட தன் கையை ஒருமுறை உள்ளே விட்டு எடுத்தார். "என் கை பெரியது, இடமில்லை. நீ செய்" என்றார்.

நான் செய்தேன். தோள் வரை கையுறை, நிறைய வழுக்கெண்ணெய். வலி ஓயும் இடைவெளியில் கன்றின் தலையை மெல்ல உள்நோக்கித் தள்ள வேண்டும்; அப்போதுதான் காலைத் தேட இடம் கிடைக்கும். கிடேரி முக்கும்போது என் கை எலும்புகள் நெரிந்தன. அந்த நேரத்தில் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த இடைவெளியில் முழங்கால் தட்டுப்பட்டது, அதற்குக் கீழே குளம்பு. அதை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளச் சொன்னார். வெறுமனே இழுத்தால் குளம்பின் முனை கருப்பையைக் கிழித்துவிடும். பச்சைக் குளம்பு வேகவைத்த பனங்கிழங்கின் நுனியைப் போல மெத்தென்று இருந்தது. பொத்திய கையோடு அந்தக் காலை முன்னால் கொண்டுவந்தேன். போனில் அத்தை எதுவும் பேசவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கன்றின் கணுவுக்கு மேலே ஒரு கயிற்றுச் சுருக்கு, கீழே இன்னொரு முடிச்சு. இழுவை ஒரே இடத்தில் விழுந்தால் எலும்பு முறியும் என்பதால் இரண்டு. அது முக்கும்போது மட்டும் இழுத்தோம், அது ஓய்ந்தால் நாங்களும் ஓய்ந்தோம். 1.05-க்குக் கன்று வைக்கோலில் விழுந்தது. கிடேரிக் கன்று. மூச்சில்லை. அவர் ஒரு வைக்கோல் துரும்பை அதன் மூக்கில் விட்டுத் திருகினார். ஒரு தும்மல். அத்தை ஈசூனில் அழுதது கொட்டகை முழுதும் கேட்டது.

மருத்துவர் 2.30-க்கு வந்தார். அந்த இரவில் அது அவருக்கு மூன்றாவது பண்ணை. தாயைச் சோதித்துக் கிழிசல் ஏதும் இல்லை என்றார். பிறகு இளங்கொடியை நான் முகக்கவசம் இல்லாமல் எடுக்கப் போனதைப் பார்த்துக் கடுமையாகக் கண்டித்தார். ஈன்ற மாட்டின் நீரிலும் இளங்கொடியிலும் க்யூ காய்ச்சல் கிருமி இருக்கலாம்; மூச்சுக் காற்றிலேயே தொற்றிவிடும். டாக்டர், அந்தக் கண்டிப்புக்குத் தனியாக நன்றி. தம்பி மகள் அந்தக் கொட்டகையில்தான் விளையாடுவாள்.

அந்தக் கன்று எழ முடியாமல் கிடந்தபோது, பக்கத்துப் பண்ணை அம்மா தன் உறைபெட்டியிலிருந்து சீம்பால் கொண்டுவந்தார். வெந்நீரில் வைத்து மெல்ல இளக்கினார். கொதிக்கவிட்டால் அதிலுள்ள நோய்த்தடுப்புச் சத்து போய்விடும். முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சும்; ஒரு நாள் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இரண்டு லிட்டர் குடித்தது. ஆனால் தாய் அதை மோந்து பார்த்துவிட்டு உதைத்தது. ஐயா, உங்கள் வார்த்தை நினைவுக்கு வந்தது. கன்றின் முதுகில் உப்பும் தவிடும் தூவினேன். முதலில் உப்புக்காக நக்கியது. விடிவதற்குள் கன்றுக்காக நக்கியது.

9-ஆம் எண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். அதற்கு இது நான்காவது ஈற்று. எந்தத் தொந்தரவும் தராத பசு. செப்டம்பர் 2-ஆம் தேதி விடிகாலை, ஓடையோரம் யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் தனியாக நின்றது. 4 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அனுபவமுள்ள மாடுதானே என்று வந்துவிட்டேன். 6 மணிக்குப் போனபோது வெளியே தெரிந்த குளம்புகளின் அடிப்பகுதி வானத்தைப் பார்த்திருந்தது. பின்னங்கால்கள். அப்படி வரும் கன்றுக்குத் தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும். நாங்கள் எடுத்தபோது உயிரில்லை. மருத்துவர் என் தோளில் கை வைத்து, "அடி மேலே தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பது இனி உனக்குத் தெரியும்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அன்று எனக்கு வேண்டியிருந்தது.

அந்தப் பசு இரண்டு நாள் கன்றைத் தேடிக் கத்தியது. பக்கத்துப் பண்ணையில் ஒரு பசு இரட்டை ஈன்றிருந்தது. ஒன்றுக்குப் பால் போதவில்லை. இறந்த கன்றின் தோலை உரித்து வைத்திருந்தார் அந்தப் பண்ணைக்காரர். இரட்டையில் சிறியதன் முதுகில் அதைப் போர்த்தி, கால்களில் கயிற்றால் கட்டி, கொட்டகைக்குள் விட்டார். 9-ஆம் எண் வெகுநேரம் மோந்தது. பிறகு ஆழத்திலிருந்து வரும் அந்தச் சன்னமான குரலில் கூப்பிட்டது. கன்று மடியைத் தேடிப் போய் முட்டியது. நாலாம் நாள் தோலை எடுத்தோம்; அதற்கு அப்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐயாவிடம் போனில் சொன்னேன். "நாங்கள் வைக்கோல் திணித்த தோல்கன்று வைத்துப் பால் கறந்தோம். இங்கே ஒரு பிள்ளைக்குத் தாய் கிடைத்திருக்கிறது" என்றார். அந்தக் கன்றுக்கும் அவர்கள் பணம் வாங்கவில்லை. 28 பசுக்கள், இப்போது 28 கன்றுகள்.

எப்படியும் இறைச்சிக்குப் போகிற மாட்டுக்கு இவ்வளவு பாடா என்று இங்கே சிலர் கேட்டார்கள். என்றைக்கோ போகப்போவது என்பதற்காக, பிறக்கும் நேரத்தில் அதைத் தவிக்கவிட என்னால் முடியாது. உங்களில் ஒருவராலும் முடியவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

தம்பி இப்போது கோலூன்றி நடக்கிறான். வைக்கோல் கடன் 12 உருளை என்று கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறான். இரவல் வாங்கிய கயிறுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்து, வேலிக் கதவில் மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அத்தை, 19-ஆம் தேதி இரவு நான் நிமிடம் குறித்த தாள் உங்களுக்குத்தான். சேறும் அயோடினும் பட்டிருக்கிறது, அப்படியே வைத்திருக்கிறேன்.

ஐயா, நீங்கள் கேட்ட படத்தை அச்செடுத்துவிட்டேன். 17-ஆம் எண்ணும் அதன் கன்றும், பின்னால் பனி மூடிய மேடு. சனிக்கிழமை காலை அதே தேநீர்க் கடைக்குக் கொண்டுவருகிறேன். இந்த முறை தேநீரை ஆறவிட மாட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
தம்பியின் அக்கா, ஈசூன்