நகலுக்கு நகல் மறுக்கும் கருவி

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது அறிந்து இங்கே அனைவரும் மகிழ்ந்தோம். உங்கள் தந்தையார் திருவிழாவில் வாசித்த நாகசுரத்தை மைக் வைத்து மினிடிஸ்க் என்னும் சிறிய டிஜிட்டல் பதிவுத் தட்டில் பதிந்ததையும், அதிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாக சி.டி. ரெக்கார்டரில் நகலெடுத்ததையும், அந்த சி.டி.யிலிருந்து தம்பிக்கு இன்னொரு நகல் எடுக்க முயன்றபோது கருவி மறுத்துவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுது எதுவும் இல்லை. அதற்குள் வைக்கப்பட்ட ஒரு விதிதான் உங்களைத் தடுத்தது. அந்த விதி உங்களைப் போன்றவர்களுக்கு இழைப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

1987இல் ஜப்பானில் டாட் என்னும் டிஜிட்டல் நாடாக் கருவி விற்பனைக்கு வந்தபோது, தரம் சற்றும் குறையாமல் நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டே போகலாமே என்று இசைத்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. இசையில் ஒரு குறுகிய அலைவெண் பகுதியையே வெட்டிவிட்டு, அந்த இடைவெளியைக் கண்டதும் பதிவை நிறுத்தும் சில்லு ஒன்றைக் கருவிகளில் பொருத்த வேண்டும் என்று சி.பி.எஸ். என்னும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் முன்மொழிந்தது. அமெரிக்க அரசின் தர ஆய்வகம் 1988இல் அதைச் சோதித்து, அது ஒலியைக் கெடுப்பதோடு சரியாக வேலையும் செய்யவில்லை என்று கண்டறிந்ததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஏதென்ஸில் இசை நிறுவனங்களும் கருவி தயாரிப்பாளர்களும் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவே எஸ்.சி.எம்.எஸ். எனப்படும் நகல் கட்டுப்பாட்டு முறை. 1992இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது.

டிஜிட்டல் ஒலியோடு சில குறிப்பு பிட்டுகளும் கேபிளில் செல்கின்றன. எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரு தலைமுறை மட்டும் எடுக்கலாம், எடுக்கவே கூடாது என்னும் மூன்று நிலைகளில் ஒன்றை அவை பதிவுக் கருவிக்குத் தெரிவிக்கும். கடையில் வாங்கிய சி.டி.யிலிருந்து ஒரு நகல் எடுத்தால், அந்த நகலில் 'இனிக் கூடாது' என்ற குறி விழுந்துவிடும். மைக் வழியாக வரும் ஒலி யாருக்குச் சொந்தம் என்பதைக் கருவியால் அறிய முடியாது. ஆகையால் அதையும் பிறர் உரிமைப் பொருளாகவே கொண்டு, ஒரே ஒரு டிஜிட்டல் நகலுக்கு மட்டும் இடம் தருகிறது. மினிடிஸ்கிலிருந்து சி.டி.க்கு மாற்றியபோதே அந்த ஒன்று தீர்ந்துவிட்டது. தந்தையாரின் வாசிப்புக்கு உங்கள் குடும்பத்தை விட்டால் வேறு யார் உரிமை கோர முடியும்? தொழில்முறைக் கருவிகளுக்கு மட்டும் இந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்தார்கள் என்பது என்னை மேலும் வருத்துகிறது.

வெற்று சி.டி.யிலும் இந்த விதி நுழைந்திருக்கிறது. வீட்டு ரெக்கார்டர் 'மியூசிக்' வகைத் தட்டை மட்டுமே ஏற்கும்; தட்டின் பள்ளத்திலேயே பொறித்திருக்கும் குறியீட்டைப் பார்த்து, கணினிக்கான மலிவான தட்டைத் திருப்பிவிடும். அமெரிக்கச் சட்டப்படி அந்தத் தட்டின் விலையில் 3 சதவீதமும் கருவியின் விலையில் 2 சதவீதமும் இசைத் துறையினருக்கு உரிமைத் தொகையாகச் செல்கின்றன. சொந்த வீட்டுக் குழந்தையின் பாட்டைப் பதிபவரும் அதைச் செலுத்தித்தான் ஆக வேண்டும்.

உங்கள் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். மற்றொரு சி.டி. காரில் ஓடவில்லை என்றால், அது 'ஃபைனலைஸ்' செய்யப்படாததாக இருக்கக்கூடும். அதைச் செய்யும் வரை பாட்டுகளின் இடக்குறிப்புகள் ரெக்கார்டருக்கு மட்டும் புரியும் தற்காலிகப் பகுதியில்தான் இருக்கும். செய்த பின்னரே மற்றக் கருவிகள் படிக்கும் உள்ளடக்க அட்டவணை எழுதப்படும். சி.டி.-ஆர் தட்டில் அதன்பின் எதையும் சேர்க்க முடியாது. ஒருவேளை அது அழித்து எழுதும் தட்டாக இருந்தால், ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால் பழைய கருவிகள் அதைப் படிக்கத் திணறும். மினிடிஸ்கில் கவனிக்க வேண்டியது வேறு: பதிவை நிறுத்தியதும் திரையில் உள்ளடக்க அட்டவணையைக் குறிக்கும் 'டி.ஓ.சி.' என்ற எழுத்துகள் மின்னும்போது மின்சாரம் போனால், ஒலி தட்டில் இருந்தும் அட்டவணை எழுதப்படாமல் பதிவு தொலைந்துவிடும்.

இப்போது வழியைச் சொல்கிறேன். அந்தக் குறி வெறும் அறிவிப்புதான்; ஒலியை யாரும் பூட்டி வைக்கவில்லை. பொதுப் பயன்பாட்டுக் கணினிகள் அந்த 1992 அமெரிக்கச் சட்டத்துக்குள் வராததால், கணினியின் சி.டி. டிரைவ் குறியைப் பொருட்படுத்தாமல் முழு ஒலியையும் எடுத்துத் தரும். எனவே சி.டி.யை ஃபைனலைஸ் செய்து, கணினியில் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகச் சேமித்து, அதிலிருந்து தம்பிக்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுங்கள். எம்.பி.3 வேண்டாம்; மினிடிஸ்க் ஏற்கெனவே ஒலியை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வைக்கிறது, அதை மீண்டும் சுருக்கினால் சீவாளியின் கூர்மை மழுங்கிவிடும்.

மீதமுள்ள மினிடிஸ்குகளையும் இந்தக் கோடைக்குள் முடித்துவிடுங்கள். கையடக்க மினிடிஸ்க் கருவிகளில் பெரும்பாலும் டிஜிட்டல் வெளியீடு இருக்காது; அதன் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு அனலாகாக எடுத்தாலும் நாகசுரம் நன்றாகவே வரும். சோனி 2013இல் மினிடிஸ்க் கருவிகளையும், 2025 பிப்ரவரியில் வெற்றுத் தட்டுகளையும் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவி பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் உள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள், தவறுதலாக அழியாது. மூலத் தட்டுகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வரும்போது கணினியையும் கேபிளையும் நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
இராமநாதன்