உன் வீட்டு நிழலில் நின்ற கூட்டம்

பள்ளத்தூர்
பங்குனி 27

அன்புள்ள லெட்சுமணா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே என் வீட்டு ஆச்சிக்கு மூட்டுவலி அப்படியேதான். உன் வீட்டைப் போன வாரம் திறந்து பெருக்கவிட்டேன். இரண்டாம் கட்டில் நாலைந்து ஓடு சரிந்திருக்கிறது. கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், வருவதாகத்தான் சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘உங்க ஊர்க் கூட்டத்துல நாற்காலிங்கதான் பேச்சைக் கேட்டுச்சாமே’ என்று எழுதியிருந்தாய். டிவியில் பார்த்திருப்பாய். அந்தத் தேர்தல் கூட்டத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தவன் நான், அதுவும் உன் வீட்டு முகப்பு மாடியிலிருந்து. சாவி என்னிடம்தானே இருக்கிறது!

உன் வீடு கூட்டம் நடந்த பொட்டலுக்கு மேற்கே இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொட்டல் முழுக்க நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி கொதிக்கும்போது யார் உட்காருவார்? வந்த சனம் அத்தனையும் உன் வீட்டு நிழலிலும் திண்ணையிலும் டீக்கடைக் கீற்றுக்குக் கீழேயும் ஒண்டிக்கொண்டு நின்றது. அப்போது ஒரு பையன் கேமராவோடு வந்தான். நிழலின் ஓரத்துக்குப் போய் நின்று, தனக்குப் பின்னால் நின்ற ஆயிரம் பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே வெயிலில் காய்ந்த நாற்காலிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக எடுத்தான். ‘தம்பி, கொஞ்சம் திரும்பிப் பாருப்பா’ என்று மாடியிலிருந்து சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

ஏழு மணிக்குத் தலைவர் வந்தபோது பொட்டல் நிறைந்துதான் இருந்தது. அப்போது வேலை பார்த்தது வேறொரு கேமரா, கட்சியே வாடகைக்கு எடுத்த ஜிம்மி ஜிப், அதாவது நீளக் கையின் நுனியில் கேமரா தொங்கும் கிரேன். அது மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்ற முந்நூறு நானூறு பேரின் தலைக்கு மேல் தாழ்வாகப் போய்ப் போய் வந்தது. அந்தக் காட்சியைக் கட்சிக்காரர்களே எல்லாச் சேனலுக்கும் இலவசமாக அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் ஒரு பத்திரிகையில் ‘30 ஆயிரம் பேர் அலைகடலெனத் திரண்டனர்’ என்று வந்திருந்தது.

முப்பது வருஷம் சங்கிலி பிடித்த சர்வேயருக்கு இது பொறுக்குமா? நம் பொட்டலை நானே அளந்திருக்கிறேன். மேடை, அதற்கு முன்னால் காலியாக விடும் தடுப்பு, கார் நிற்கும் இடமெல்லாம் போக ஆள் நிற்க 60 சென்ட் தேறும், அதாவது சுமார் 26 ஆயிரம் சதுர அடி. அதில் 30 ஆயிரம் பேர் நிற்க வேண்டுமானால் ஒருவர் தோளில் ஒருவர் ஏறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பெர்க்லியில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்று ஒரு இதழியல் பேராசிரியர் இருந்திருக்கிறார். மாணவர்கள் போராட்டக் கூட்டங்களைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்தே 1960களில் ஒரு கணக்குப் போட்டுவைத்தார். தாராளமாக நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை. நம் கணக்கில் சென்ட்டுக்கு 43 பேர், நெருக்கினால் 97. அன்றைக்கு முன்னால் நெருக்கம், பின்னால் தாராளம். சந்துகளில் நின்றவர்களையும் சேர்த்து நாலாயிரம் என்பேன், ஐந்நூறு முன்னே பின்னே இருக்கலாம். நம் ஊருக்கு அது நல்ல கூட்டம்தான்.

பந்தல்காரர் கதையைக் கேள். மூவாயிரம் நாற்காலி இறக்கினேன் என்று என்னிடம் சொன்னார். நிருபரிடம் பத்தாயிரம் என்றாராம். தேர்தல் செலவுக் கணக்குக்காக வீடியோ எடுக்க வந்த அதிகாரியிடம் ஆயிரத்து ஐந்நூறு! வேட்பாளர் மேடையில் இருந்தால் செலவில் அவர் பங்கும் ஏறுமே. சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம்தான் வரம்பு. பேப்பரில் பெருக்க வேண்டும், பதிவேட்டில் சுருக்க வேண்டும், பாவம் அந்த மனிதர் என்ன செய்வார்.

இதழியல் படிக்கும் பேத்தியிடம் புலம்பினேன். ‘ஐயா, இது 1951லேயே கண்டுபிடிச்ச சமாச்சாரம்’ என்றாள். அமெரிக்க ராணுவ ஜெனரல் மெக்கார்தர் சிகாகோவுக்கு வந்த அன்று, லாங் தம்பதி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 31 பேரை ஊர்வலப் பாதையில் ஆங்காங்கே நிறுத்தி வேடிக்கை பார்க்கவைத்தார்களாம். டிவியில் பார்த்தவர்களுக்கு ஊரே ஆர்ப்பரித்தது. தெருவில் நின்றவர்கள் கால்கடுக்கக் காத்திருந்து, கார் விருட்டென்று போனதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கலைந்திருக்கிறார்கள். கேமரா தம் பக்கம் திரும்பியபோதுதான் பலர் கையை ஆட்டிக் குரல் கொடுத்தார்களாம். நம் ஊரில் பார்த்ததுதான். ஜிப் தலைக்கு மேல் வந்தவுடன் அதுவரை கடலை கொறித்துக்கொண்டிருந்தவன்கூட எழுந்து துண்டைச் சுழற்றினான்.

நம் நாட்டில் ஒரு சௌகரியம், எந்தச் சேனல் யார் பக்கம் என்பது பாதி பேருக்கு முன்கூட்டியே தெரியும். ஜெயா 1999, மக்கள் 2006, கலைஞர் 2007, கேப்டன் 2010 என்று கட்சி வாசனையோடுதானே வரிசையாக வந்தன. அதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். மாமியார் பக்கம் பேசுகிற நாத்தனாரிடம் நியாயம் எதிர்பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டு கட்சி அனுப்பிய காட்சியை அப்படியே போடுகிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். டீக்கடையில் ஒருவர் இரண்டு சேனலையும் பார்த்து நடுவில் ஒரு கணக்கு வைத்துக்கொள்வேன் என்கிறார். இரண்டு தப்பான அளவைக் கூட்டி இரண்டால் வகுத்தால் எல்லைக்கல் சரியான இடத்திலா விழும்?

எனக்கு உண்மையில் உறுத்துவது இன்னொன்று. அந்தத் தலைவர் பத்து நிமிஷம் காவிரி – வைகை – குண்டாறு கால்வாயைப் பற்றிப் பேசினார். 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டைப் பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டியது, 262 கிலோமீட்டர். நாங்கள் வந்தால் இத்தனை வருஷத்தில் முடிப்போம் என்று காலக்கெடுவோடு சொன்னார். நம்புவதும் நம்பாததும் வேறு கதை. ஆனால் நம் ஜில்லாக் கண்மாய்க்குத் தண்ணீர் வருமா வராதா என்ற பேச்சு, ஒரு வரி எந்தப் பேப்பரிலாவது வந்ததா? தேடினேன். ஒரு பக்கம் காலி நாற்காலி, இன்னொரு பக்கம் அலைகடல், எதிர்க்கட்சிக்காரரைக் கிண்டல் செய்த ஒரு வாக்கியம். அவ்வளவுதான். நாளைக்கு அவர் ஜெயித்துவிட்டு, நான் எங்கே சொன்னேன் என்று கேட்டால் காட்டுவதற்குத் துண்டுத்தாள்கூட இல்லை.

2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் 41 பேர் நெரிசலில் போன பிறகாவது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் நிற்க இடம், வெளியே போக எத்தனை வழி என்று நிருபர்கள் கேட்பார்கள் என்று நினைத்தேன். நம் பொட்டலுக்கு இரண்டு சந்துதான். ஒன்று 12 அடி. மற்றொன்றில் அன்று கட்சிக்காரர்களின் கார் நின்றது. கூட்டம் கலையும்போது உன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டுப் பெண்கள், பிள்ளைகளை வளவு வழியாகப் பின்தெருவுக்கு அனுப்பினேன். இருநூறு பேராவது போயிருப்பார்கள். ஆத்தங்குடிக் கல்லெல்லாம் செருப்புத் தடம். கோபித்துக்கொள்ளாதே, மறுநாளே தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கவிட்டேன்.

பந்தல்காரர் நாலு நாற்காலியை உன் திண்ணையிலேயே விட்டுப் போயிருக்கிறார், ஒன்றுக்குக் கால் இல்லை. மழைக்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. கொத்தனாரை நீ வந்து மிரட்டினால்தான் வேலை நடக்கும்.

அன்புடன்,
ராமநாதன்