மூலைக் கைமரத்துக்கு 17

அன்புள்ள சண்முகம்,

ஓட்டுக் கூரைக்கு நீ போட்ட கணக்குத் தாள் கிடைத்தது. அத்தைக்குக் கால்வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். இத்தனை நாள் பதில் போடாதவன் இன்று அவசரமாக எழுதுவது, கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் இறங்குகிற உன் மூலைக் கைமரத்துக்காக. ஆசாரி ரம்பத்தை எடுப்பதற்குள் படித்துவிடு.

முகட்டிலிருந்து சுவருக்கு நேராக இறங்கும் சாதாரணக் கைமரத்தின் கணக்கு ஏறக்குறையச் சரி. 16 அடி அகலத்தில் பாதி 8 அடி, அடிக்கு 6 அங்குல ஏற்றம். 12 அங்குலம் போய் 6 ஏறினால் சரிவில் 13.42, அந்த வீதம் எட்டு அடிக்கு 107⅓ அங்குலம். கைமரங்கள் உச்சியில் வந்து சேரும் முகட்டுச் சட்டத்தின் பாதித் தடிமனைத்தான் கழிக்கவில்லை. 2 அங்குலச் சட்டத்துக்குச் சரிவில் 1⅛ கழியும். விட்டுவிட்டால் கைமரம் சுவர்மேல் கிடக்கும் உத்தரத்தில் சரியாக உட்காராது. இறவாணம், அதாவது கூரையின் ஓரம், சுவருக்கு 18 அங்குலம் வெளியே நிற்க 20⅛ கூட்டு. ஆக 126⅓. சாய்வெட்டுக்கு இன்னும் 2 அங்குலம் போகும், 11 அடி மரம் வாங்கு.

மூலைக் கைமரத்துக்கு மூலைவிட்டம் 11 அடி 4 அங்குலம் என்று ஒழுங்காக எடுத்துவிட்டு, அதையும் 13.42-ஆல் பெருக்கி 152 என்று போட்டிருக்கிறாயே! கணக்கு வாத்தியார் பார்த்தால் இப்போதும் உன்னை முட்டிபோட வைப்பார். அந்த மரமும் ஏறுவது சாதாரண மரம் 8 அடியில் ஏறும் அதே 48 அங்குலம்தான். தரையில் கடக்கும் தூரம் மட்டுமே கூடுகிறது, அதனால் சரிவு படுத்துவிடும். சாதாரண மரம் 12 அங்குலம் போகிற இடத்தில் இது 17 போகும், ஏற்றம் 6, சரிவில் 18. எட்டு அடிக்கு 144, அதாவது 12 அடி. முகட்டில் கழிப்பது அதற்குப் பிறகு. நீளம் கூடினால் அறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, 12-க்கு 6 வைத்துக் கோடு போட்டால் வெட்டின் கோணமே தப்பு. முனை முகட்டில் ஒட்டாமல் வாய் பிளக்கும். மூலைமட்டத்தில், அதுதான் ஆசாரியின் ‘ட’ வடிவ அளவுகோல், ஒரு கையில் 17, மறுகையில் 6 பிடிக்கச் சொல்.

2 அங்குலத் தடிமன் உள்ள மூலை மரத்தின் முதுகை இருபுறமும் சீவ வேண்டும், அல்லது மரத்தையே ⅜ அங்குலம் இறக்கி உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் அங்கே தூக்கிக்கொண்டு ஓடு ஆடும். மூலை மரத்தில் வந்து சேரும் குட்டைக் கைமரங்கள் 2 அடி இடைவெளிக்கு ஒன்றைவிட அடுத்தது 26.8 அங்குலம் வீதம் குறையும்.

இன்னொன்று. உத்தரம் 4 அங்குல அகலம் என்பதற்காகக் கைமரத்தை அதில் முழுதாக உட்கார வெட்டாதே. கைமரத்தின் 4 அங்குல ஆழத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். உட்காரும் அகலம் 3 அங்குலம் போதும், அப்போது மூன்றில் ஒரு பங்குதான் குறையும்.

முதல் ஜோடியை ஏற்றிப் பார்த்து, அதையே அச்சாக வைத்து மற்றதெல்லாம் வெட்டட்டும். போன மரத்தைப் பார்த்து அடுத்த மரம் வெட்டினால் தப்பு கூடிக்கொண்டே போகும். சேகரிடமும் சொல்லிவை, அவன் அவசரம் உனக்குத் தெரியும்.

அன்புடன்,
ராமு