வரவேற்புக் கூடத்தின் வரைபடம் கிடைத்தது

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஹைதராபாத் மாநாட்டு வரவேற்பு விருந்துக்கு நீ போட்ட வரைபடத்தை அச்செடுத்து, இரண்டு நாளாகக் கடை மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணூறு பேர் கையில் தட்டுடன் நின்று பேசப்போகும் கூடத்தில், மேடையோரம் இரண்டு பெரிய பெட்டிகளை அலறவிடாமல், சிறிய ஒலிபெருக்கிகளைக் கூடம் முழுவதும் பரப்பித் தாழ்வாக ஒலிக்கவிட்டிருப்பதைக் கண்டு, மைக்செட்டுக்காரன் மகள் என்று உன்னைச் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால் அது விருந்தன்று.

மேடையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டிகளுக்கு, மேடை ஒலி வந்துசேரும் நேரத்தோடு ஒத்துப்போக 88 மில்லிநொடி தாமதம் குறித்திருக்கிறாய், சரிதான். எனக்கு அந்தக் கணக்கு ஆனித் தெப்பத்தில்தான் பிடிபட்டது. ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் ஒரு கரையில் நிற்பவனுக்கு, தன் பக்கத்துக் குழாயில் கேட்ட நாகஸ்வரமே எதிர்க்கரைக் குழாயிலிருந்து ஏறத்தாழ ஒரு நொடி கழித்து மறுபடியும் வரும். கரைக்கு ஓர் ஆளை நிறுத்தி ஒலியைக் குறைப்பதைத் தவிர அன்று எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

பேசுபவர் முகத்துக்கு 3,200 கெல்வின் மஞ்சள் சாயல் விளக்கு வைத்திருக்கிறாய். கேமராவைப் பின்னாலுள்ள திரையின் நீலத்துக்குச் சரிசெய்தால் அவர் முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் தெரியும். திரையைத்தான் தணிக்க வேண்டும். எர்த்தை மட்டும் யாரையும் நம்பாமல் உன் கையாலேயே சோதித்துக்கொள். ஒத்திகையின்போது காதில் இயர் பிளக் வைத்துக்கொள்.

ஒரு நாளில் காது தாங்குவது 85 டெசிபெல் சத்தம் என்றால் எட்டு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அப்படிப்பட்டவள் நான்கு மாதமாக ஏன் அழைத்தால் எடுக்காமல், எல்லாவற்றையும் எழுத்தாகவே அனுப்புகிறாய்? பொங்கலுக்கு வந்தபோது, இடப்பக்கத்திலிருந்து அம்மா இரண்டு முறை காப்பிக்குக் கூப்பிட்டும் நீ திரும்பவில்லை. பராக்குப் பார்க்கிறாள் என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற செய்திகளை அம்மா சொல்லுவாள். இயர் பிளக்கை மறந்துவிடாதே.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குழாயைச் சோதித்துப் பார்க்கையில், உன்னை அதன் வாய்க்கு நேரே ஒயர்ச் சுருளின்மேல் உட்காரவைத்திருந்தேன். மைக்கை நான் குழாய்ப் பக்கம் கொண்டுபோனதும் அது ஊளையிட்டது. நீ இடக்காதைப் பொத்திக்கொண்டு, "உள்ளே வண்டு பறக்குதுப்பா" என்றாய். மறுநாளும் அதையே சொன்னாய். தானாகச் சரியாகிவிடும், அம்மாவிடம் சொல்லாதே என்று தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தேனே தவிர, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. பணமில்லாமல் அல்ல, உன் அம்மா என்னைக் கேள்வி கேட்பாள் என்ற பயத்தில்தான்.

சென்ற வாரம் தஞ்சாவூருக்குப் போய் என் காதைச் சோதித்துக்கொண்டேன். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கியிருப்பதைப் பார். அது எந்தத் தொழிலின் தழும்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்து முடிந்த மறுநாளே நீயும் சோதித்து, உன் தாளைப் படமெடுத்து என் எண்ணுக்கு அனுப்பு. அம்மாவின் எண்ணுக்கு வேண்டாம்.

அப்பா