ஈம் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள ஈம் என்னும் சிற்றூரின் பழங்கதைகளைத் தமிழில் எழுதி முடித்திருக்கும் இவ்வேளையில், துணைநின்ற அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். வரைபடத்தில் அவ்வூரின் பெயரை எழுத்துக்கூட்டி 'ஈயம்' என்றுதான் முதலில் படித்தேன். ஊரார் 'ஈம்' என்கிறார்கள். ஆனாலும் ஒரு காலத்தில் அங்கே ஈயச் சுரங்கங்கள் இருந்தன என்று அறிந்தபோது, அந்தத் தற்செயலான பொருத்தத்தினாலேயே ஊர் மனத்துக்கு நெருக்கமாகிவிட்டது.

முதல் நன்றி, என்னை எல்லைக் கல்லுக்கு அழைத்துச் சென்ற பெரியவருக்கு. 1665ஆம் ஆண்டு லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தது என்பதையும், மறு ஆண்டு பங்கின் குருவானவர் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவாதிருக்க ஊரார் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே இருந்தார்கள் என்பதையும் நான் முன்பே படித்திருந்தேன். உணவு கொண்டுவந்து வைத்தவர்களுக்கான காசை, அதன் வழி நோய் தொற்றாதிருக்க, கல்லின் குழிகளில் காடி (வினிகர்) ஊற்றி அதில் போட்டுவைத்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர், ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே முந்தைய இரவின் மழைநீர் சில்லென்று தேங்கிக் கிடந்தது. அந்தக் குளிர்ச்சி விரலில் இருக்கும்போதே அந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கினேன்.

ரைலி கல்லறைகளுக்கு உடன்வந்த அம்மையாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 1666 ஆகஸ்டில் எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்து, தன் கையாலேயே புதைத்த எலிசபெத் ஹான்காக்கின் கதையை அவர் அங்கே சொல்லவில்லை. வட்டமான கல்மதிலுக்குள் என்னைத் தனியே நிற்கவிட்டு, வெளியே காத்திருந்தார். அதைவிடப் பெரிய உதவி எதுவும் இருந்திருக்க முடியாது.

கைப்பிரதியைப் படித்துத் திருத்திய உள்ளூர் ஆய்வாளருக்குத் தனி நன்றி. மாண்டவர்கள் சுமார் 260 பேர் என்பதோடு, ஊரின் மக்கள்தொகையே 350தான் என்றும் எழுதியிருந்தேன். பின்னாளைய ஆய்வுகள் அந்த மக்கள்தொகையை ஏறத்தாழ இருமடங்காகக் கணிப்பதை அவர் பொறுமையாக எடுத்துக்காட்டினார். எம்மட் சிடலும் பக்கத்து ஊர் ரோலண்டும் தொலைவில் நின்றே பார்த்துக்கொண்ட காதல் கதையில், எது பதிவேட்டுச் செய்தி, எது வாய்மொழி வழக்கு என்று பிரித்துக் காட்டியவரும் அவரே. கதையின் அழகு அதனால் குறையவில்லை. அதன் மேல் எனக்கிருந்த நம்பிக்கைதான் கூடியது.

தமிழ்ப்படியை வரி வரியாகச் செப்பம் செய்த நண்பர்களுக்கும் நன்றி. ஆகஸ்டு கடைசி ஞாயிறன்று, கொள்ளைநோய்க் காலத்தில் ஊரார் திறந்தவெளியில் வழிபட்ட அதே கக்லெட் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் நடக்கும் நினைவு வழிபாட்டுக்கு வருகிறேன். அச்சுப்படிகளை அப்போது உங்கள் கைகளில் நேரில் தருகிறேன்.

என்றும் நன்றியுடன்.