ரோட்டின் ஓரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சார வண்டிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வாரம் தவறாமல் ஏதாவது வந்துவிடுகிறது. எந்த ஸ்கூட்டர் எத்தனை நொடியில் வேகம் பிடிக்கும், எந்தக் கார் ஒரே சார்ஜில் சென்னையிலிருந்து எந்த ஊர் வரை போகும் என்பதெல்லாம் படித்தாயிற்று. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் சாவகாசமாகப் போகிற மின்சார சைக்கிளைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் போடுங்கள்.

நான் புதுக்கோட்டைக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் வந்தபோது தொண்டராகச் சேர்ந்தேன். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டேன். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். கல் குவாரிக்குப் போகிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள் என்று ஊருக்கு ஊர் பெண்கள் மந்தைத் திடலில் விழுந்து எழுந்து பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் ஓட்டினோம். முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் என்று அதுவே வசதியாகவும் போய்விட்டது. கேலி பேசியவர்கள் பேசினார்கள். அதை நான் எழுதி அவர்களைப் பெரிய ஆளாக்கப் போவதில்லை.

அந்தப் பெண்கள் எல்லாம் இப்போது அறுபதை ஒட்டி நிற்கிறோம். மூட்டு தேய்ந்துவிட்டது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. அப்புறம் யார் சைக்கிளைத் தொடுவார்கள்? என்னுடையதும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போன தீபாவளிக்கு இந்த மின்சார சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். விலை தெரிந்தால் திட்டுவேன் என்று பில்லைக் கண்ணிலேயே காட்டவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின் சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன மோட்டார், 250 வாட். வீட்டு மிக்ஸிக்குக்கூட இதைவிட அதிகம். பெடலை மிதித்தால் அதுவும் சேர்ந்து மிதிக்கும். நாம் நிறுத்தினால் அதுவும் நிற்கும். வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் தானாக விலகிக்கொள்ளும். அந்த அளவுக்குள் இருப்பதால் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். பேட்டரி 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர். பெருக்கிப் பாருங்கள், சுமார் 280 வாட்-ஹவர் வரும்; ஆயிரம் வாட்-ஹவர் ஒரு யூனிட். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால், முழுக்க ஏற மூன்றில் ஒரு யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். டீக்கடையில் இருக்கிற சாதாரண பிளக்கே போதும். கடைக்காரர் "அக்கா, இது தானா ஓடுமா?" என்று கேட்பார். பாதி அது, பாதி நான் என்பேன். சார்ஜுக்குக் காசு நீட்டினால் வாங்கமாட்டார், அதனால் கூட ஒரு வடை வாங்கித் தின்ன வேண்டியிருக்கிறது.

நான் அதிகம் போவது மேற்கே, அன்னவாசல் ரோட்டில். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவேன். புதுக்கோட்டை வறண்ட மாவட்டம், பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் திருச்சி பைபாஸில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள். இங்கே ஒரு கண்மாய் முடிந்தால் கொஞ்ச தூரத்தில் இன்னொரு கண்மாய். மார்கழியில் தண்ணீர் கரையை முட்டி நிற்கும். பட்ட கிளைகளில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். சித்திரையில் அதே கண்மாய்க்குள் ஆடு மேயும். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலிங்கின் கற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால், வேலியோரம் ஆவாரம்பூ மஞ்சளாகக் கிடக்கும். இந்த வண்டியில் சத்தமே இல்லாததால் கவுதாரிகூடக் கடைசி நிமிஷம் வரை நகர்வதில்லை. மயில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை நமக்கு வழி விடுவதில்லை, நாம்தான் விட வேண்டும்.

நடுநடுவே தைல மரத் தோப்புகள் வரும். எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. வரிசை வரிசையாக நிற்குமே தவிர, அதன் நிழலை நம்பி ஒரு ஆடு படுக்காது, கீழே புல்லும் பூண்டும் சரியாக வராது. பக்கத்துக் கிணறுகள் வற்றுவதற்கு அதுதான் காரணம் என்று இங்கே விவசாயிகள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோப்புகள் வந்தால் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போய்விடுவேன்.

சித்தன்னவாசல் மலை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. பஸ்ஸில் போனால் மலை வந்துவிடும், இறங்கிவிடுவோம். சைக்கிளில் போனால் ரோடு வளைய வளைய அது ஒவ்வொரு பக்கமாகக் காட்டும். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பொட்டலில் வட்டமாகப் பதித்த கற்கள் இருக்கின்றன. பெருங்கற்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடு. எத்தனையோ வருடம் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. மலைமேல் ஏழடிப்பட்டம் என்கிற குகையில் சமண முனிவர்கள் படுத்த பதினேழு கல் படுக்கைகள் இருக்கின்றன. பழைய படுக்கை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிறது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவளுக்கு அதைப் பார்க்க ஆசைதான், ஆனால் முழங்காலையும் கேட்க வேண்டுமே. இப்போதெல்லாம் கீழே பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலோடு நின்றுகொள்கிறேன். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. விதானத்தில் ஒரு தாமரைக் குளம்: மீன், அன்னம், எருமை, யானை, நடுவில் பூப் பறிக்கிறவர்கள். வருகிற வழியில் கண்மாயில் எருமை இறங்குவதைப் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணோடு நிமிர்ந்து பாருங்கள். வரைந்தவர் எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளைத்தான் பார்த்து வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. படித்தவர்கள் சமண சமயத்தை வைத்து வேறு விளக்கம் சொல்கிறார்கள், அதுவும் சரி.

கிழக்கே போனால் இது வேறு மாவட்டம்போல மாறிவிடும். ஆலங்குடியைத் தாண்டி வடகாடு, கீரமங்கலம் பக்கம் மண் சிவப்பு. பலா, தென்னை, வாழை, பூத்தோட்டம். காலையில் மல்லிகையும் முல்லையும் பறித்து மூட்டையாக பைக்கில் கட்டிக் கீரமங்கலம் பூக்கடைகளுக்குக் கொண்டுபோவார்கள். அந்த பைக் நம்மைத் தாண்டிப் போன பிறகும் வாசனை ரோட்டிலேயே நிற்கும். என் வண்டிக்கு அது ஒரே சார்ஜில் போய்த் திரும்புகிற தூரமில்லை. அந்தப் பக்கம் என்னோடு அறிவொளியில் இருந்த சிநேகிதி ஒருத்தி வீட்டில் பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டு, கதை பேசி, சாப்பிட்டு, வெயில் தாழத் திரும்புவேன். முதல் தடவை அவள் வண்டியை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "ஏய், யாரோ பின்னாடி சீட்டப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே வர்ற மாதிரி இருக்குடி" என்றாள். பழகின காலத்தில் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் அப்படித்தான் தள்ளிவிட்டோம்.

அவள் தோட்டத்தில் பலா மரங்கள் மொத்தமும் 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயலில் விழுந்தன. பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். தென்னைக்கு நிவாரணம் கொடுத்தார்கள், கன்றும் நட்டார்கள். ஆனால் அந்த இரவு ரோட்டோரத்தில் விழுந்த புளியையும் வேம்பையும் யாரும் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. தோட்டம் ஓரளவு மீண்டுவிட்டது, ரோடுதான் இன்னும் மொட்டையாக இருக்கிறது. காரில் போகிறவர்களுக்கு அது தெரியாது, ஏசி இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் சைக்கிளில் வருகிறவளுக்கு ஒவ்வொரு மரமும் இருந்த இடம் தெரியும்.

இப்போது கோரிக்கை. நான் போகிற ரோடுகளில் ஜல்லி ஏற்றின டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. பின்னால் ஹாரன் கேட்டால் என்னைப் போன்றவர்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கியாக வேண்டும். இறங்குவதற்கு இடம் இருக்கிறதா என்றால், பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். பழைய தாரின் மேலேயே புது தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. ஓரம் மட்டும் பழைய மட்டத்திலேயே கிடக்கிறது, மழைக்கு அரித்து இன்னும் இறங்குகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். உங்கள் நாளிதழிலும் படித்த ஞாபகம். அது கிராமத்து ரோடு வரைக்கும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

நான் தனியாக சைக்கிள் பாதை கேட்கவில்லை. பச்சை பெயின்ட் அடித்து, பலகை நட்டு, திறப்பு விழா வைப்பதெல்லாம் பெரிய நகரங்களில் நடக்கட்டும். ரோடு போட்டு முடித்த அன்றே இரண்டு ஓரத்திலும் கிராவல் கொட்டி, ரோலர் விட்டு, தாரின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும். டெண்டரிலேயே அதையும் சேர்த்து, ஓரத்தை அளந்து பார்த்த பிறகு பில் பாஸ் பண்ணுங்கள். அதில் நான் மட்டும் போகப் போவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரசு கொடுத்த சைக்கிளில் போகிற பிள்ளைகள், தலைச்சுமையோடு நடக்கிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஓரம்தான் ரோடு. அந்தக் கிராவலுக்கு வெளியே மரமும் வையுங்கள். வேம்பு, புளி, இலுப்பை எதுவானாலும் சரி, தைல மரம் மட்டும் வேண்டாம்.

எந்தெந்த இடத்தில் ஓரம் இறங்கிக் கிடக்கிறது என்று கிலோமீட்டர் கல் வாரியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். உரிய அதிகாரி யாராவது பார்க்க விரும்பினால் காலை ஆறு மணிக்குச் சொல்லி அனுப்பட்டும், நானே உடன் வந்து காட்டுகிறேன். ஜீப்பில் வந்தால் அது தெரியாது. சைக்கிளில் வரச் சொல்லுங்கள், மின்சாரமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் மெதுவாகத்தான் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
புதுக்கோட்டை.