திருவிழாக் கமிட்டி அண்ணன்மாருக்கு ஒரு மடல்

குமரி மாவட்டத்துக் கோயில் திருவிழாக் கமிட்டிகளுக்கும், பங்குப்பேரவைகளுக்கும், சபைக் கமிட்டிகளுக்கும், ஜமாஅத்துகளுக்கும், அய்யாவழிப் பதி மற்றும் நிழல்தாங்கல் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் கல்குளம் வட்டத்தில் ஒரு சின்ன ஊர்க்காரி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ரப்பர் வியாபாரிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு ஆட்டிசம் உண்டு, அதாவது என் மூளை வளர்ந்த விதமே மற்றவர்களிலிருந்து வேறு. தலைக்கட்டு வரி பிரிக்க எங்கள் வீட்டுக்கும் வருவீர்கள். அம்மா பணத்தை எடுத்துக் கொடுப்பாள். "மூத்தவ வெளிய வரமாட்டாளோ?" என்று கேட்டுவிட்டு ரசீதைக் கிழித்துத் தந்துவிட்டுப் போவீர்கள். கொடியேறியதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். மும்பையில் இருப்பவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் லீவு போட்டு ஊருக்கு வரும் நாட்களில் நான் ஊரைவிட்டுப் போகிறேன்.

எனக்குத் திருவிழா ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். மிகவும் பிடிக்கும். பிடிக்காத விசயமாக இருந்தால் இத்தனை நீளத்துக்கு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வில்லிசைக்காரர் குடத்தில் தட்டத் தொடங்கினால் எனக்கு அடுத்து வரும் அடியெல்லாம் மனப்பாடம். வில், குடம், உடுக்கு, கட்டை, தாளம் ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று எப்படிப் பூட்டிக்கொள்கின்றன என்பதை நாள் முழுக்கப் பேசச் சொன்னாலும் பேசுவேன். (யாரும் சொல்வதில்லை. நிறுத்தத்தான் சொல்வார்கள்.) என்னை ஊரைவிட்டுத் துரத்துவது நீங்கள் மரத்துக்கு மரம் கட்டும் குழாய் ஒலிபெருக்கியும், எப்போது வெடிக்கும் என்று தெரியாத வெடியும்தான்.

எல்லாருக்கும் கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகுவதில்லை. ஜெனரேட்டர், பீப்பிக்காரன், பின்னால் நிற்கும் இரண்டு பேரின் பேச்சு, குழாயில் வரும் பக்திப்பாட்டு எல்லாம் ஒரே உயரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று என் மூளை பிரித்துத் தராது. வெடி இதைவிடக் கஷ்டம். அடுத்தது எப்போது என்று தெரியாததால், வெடிக்காத நேரமும் வெடியாகவே கழியும். அப்படியே நீண்டால் முதலில் எனக்குப் பேச்சு நின்றுவிடும். சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், வாய்க்கு வராது. சிறுவயதில் தரையில் விழுந்து கத்தியிருக்கிறேன். பிடிவாதம் என்று அடி விழுந்தது. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை, யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் நோட்டம் விடும். கேட்டது கிடைத்தால் நிறுத்திக்கொள்ளும். நான் எதையும் கேட்டுக் கத்தவில்லை. சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை.

இது நான் கண்டுபிடித்த நோவு இல்லை. ஆட்டிசத்தை மருத்துவர்கள் எழுதத் தொடங்கி நூறு வருசம் ஆகிறது: சோவியத் நாட்டில் குரூன்யா சுகரேவா 1925-ல், அமெரிக்காவில் லியோ கானர் 1943-ல். ஆனால் ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-ல்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நம் நாட்டில் ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் தருவதற்கு 40 கேள்விகள் கொண்ட ஓர் இந்திய அளவுகோல் இருக்கிறது. அதிலும் புலன்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. எனக்கு அந்தக் கேள்விகளை ஒருவர் கேட்கும்போது வயது இருபதுகளின் கடைசி. பொட்டப்பிள்ளை வீட்டில் ஒதுங்கியிருந்தால் அடக்கம் என்று சொல்லி யாரும் கவலைப்படுவதில்லை, அதனால் எங்களில் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள எல்லாரும் என்னைப் போல இருப்பதில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர்கள் உண்டு. குளிக்கவும் உடுக்கவும் ஒருவர் கூடவே நிற்க வேண்டியவர்கள் உண்டு. அதே திருவிழாவில் ஒரு பிள்ளை ஸ்பீக்கர் பெட்டியிலேயே காதை ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும். அதுவும் ஆட்டிசம்தான். அந்தப் பிள்ளைக்கு அதிர்வு வேண்டியிருக்கிறது. "உனக்குச் சத்தம் ஆகாது, அவனுக்கு மட்டும் எப்படி ஆகுது?" என்று யாராவது என்னைக் கேட்டால், என் ஒரு மூலையை மட்டுமே நான் பேசுகிறேன் என்றுதான் சொல்வேன்.

சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப் போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் மாமா ஓடுவார். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். சின்ன வயதில் இந்தப் பன்னிரண்டு பெயரையும் வரிசை மாறாமல் பகலெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். "சவத்த நிறுத்துட்டீ" என்று ஆச்சி திட்டுவாள். சிவராத்திரி வந்தால் அதே ஆச்சி, கையில் விசிறியோடு, மாற்றக் கூடாத வரிசையில், "கோவிந்தா கோபாலா" என்ற ஒரே வாசகத்தை வழி முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லி ஓடுகிறவர்களுக்கு வாசலில் நின்று பானக்கம் கொடுப்பாள். வருசத்தில் அந்த ஓர் இரவு மட்டும் ஊரே என் பக்கம் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றும். மற்ற நாட்களில் நான் விரலை உதறினாலோ, ஒரே சொல்லை முணுமுணுத்தாலோ கையைப் பிடித்து நிறுத்துகிறார்கள். என் உடம்பு தன்னைத்தானே நிதானப்படுத்திக்கொள்ளும் வழி அது. யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. விட்டுவிடலாம்.

அடுத்துச் சொல்வது கொஞ்சம் கசப்பு. பத்து வயது இருக்கும், ஒரு கூட்டத்தில் என்னை மேடையேற்றித் தலையில் கைவைத்து, மைக்கை வாயருகே நீட்டி "பேசு, பேசு" என்றார்கள். அதே வருசம் வேறோர் இடத்தில் வேப்பிலை அடித்தார்கள். இன்னோர் இடத்தில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இந்த ஒரு விசயத்தில் நம் மாவட்டத்தில் மத வேற்றுமையே கிடையாது. வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை. என் இடுப்பு வலிக்கும் ரப்பர் விலைக்கும் தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். ஆட்டிசம் பிறப்பதற்கு முன்பே மூளை வளரும் விதத்தில் தொடங்குவது. அம்மா சரியாக வளர்க்காததால் வருவதில்லை. தடுப்பூசியால் வருவதுமில்லை, அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே ஒரு பிள்ளையை ஆயிரம் பேர் முன்னால் நிறுத்தி அதிலிருந்து விடுதலை கேட்கும் வழக்கத்தைத் தயவுசெய்து உங்கள் மேடையில் அனுமதிக்காதீர்கள். அதே பந்தலில் அந்தத் தாயிடம் "மாசமா இருக்கும்போது என்ன செய்தா?" என்று கேட்கும் பெரியம்மாக்களையும் முடிந்தால் கொஞ்சம் அடக்கிவையுங்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை, சிங்காரி மேளத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. முக்கியமாகக் கேட்பது உங்கள் நோட்டீஸைப் பற்றி.

நீங்கள் அச்சடிக்கும் நோட்டீஸ்களை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். காலை 5 மணிக்குக் கணபதி ஹோமம், 11-க்கு அபிஷேகம், மாலை 6.30-க்கு நவநாள், இரவு 9-க்குத் தேர்ப்பவனி என்று வரிசையாகப் போட்டிருப்பீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட உதவியான ஒரு காகிதம் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஆனால் நன்கொடையாளர் பெயர்களுக்கு ஒரு பக்கம் முழுக்க இடம் இருக்கிறது, வெடிக்கு ஒரு வரி இல்லை. எந்தெந்த நேரத்தில் வெடி, ஏறக்குறைய எத்தனை நிமிடம், மைக் செட் சோதனை எந்த நாள் எத்தனை மணிக்கு என்பதையும் போடுங்கள். நேரம் மாறினால் ஊர் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி தட்டிவிடுங்கள். எழுத்து வாசிக்காத பிள்ளைகளுக்கு வீட்டில் படம் வரைந்து காட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்துக்கு ஒரு பிள்ளையைக் காதடைப்பானோடு உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு அழைத்து வர ஒரு தாயால் முடியும். கமிட்டிக்கு இதனால் ஒரு பைசா செலவில்லை. கைக்குழந்தை உள்ளவர்களும் நெஞ்சு நோயாளிகளும் உங்களை வாழ்த்துவார்கள்.

குழாயைப் பற்றிச் சட்டம் பேசினால் கோபப்படுவீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருசத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதற்குமேல் இல்லை. குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதே 60 டெசிபல் அளவுக்கு வரும். பிறகு நம் ஊர்க் குழாயை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கேட்பது இதைவிடக் குறைவு. குழாயை வீட்டுச் சன்னலுக்கு நேராகத் திருப்பாமல் திடலைப் பார்த்துக் கட்டுங்கள். ஊரில் ஏதாவது ஒரு பக்கத்தை, ஒரு தெருவையாவது, குழாய் இல்லாமல் விட்டுவையுங்கள். அப்படி ஒரு தெரு இருந்தால் நான் அத்தை வீட்டுக்குப் போக மாட்டேன், அங்கே போய் இருப்பேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 29-ஆம் பிரிவு, பண்பாட்டு நிகழ்ச்சிகளில் எங்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான பங்கு உண்டு என்று பேசுகிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டிய கோயில்களையும் ஆலயங்களையும் நம் மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன், சந்தோசம். ஒரு மணிநேர அமைதியும் அப்படி ஒரு சாய்தளம்தான். பத்து நாள் திருவிழாவில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணிநேரம், பாட்டும் பளிச்சிடும் சீரியல் விளக்கும் இல்லாமல் கும்பிட விடுங்கள். அந்த நேரத்தில் கண்ணைப் பார்க்காமல் போனாலும், கைகூப்பாமல் நின்றாலும், பிரசாதத்தைக் கையில் வாங்காமல் இலையில் வைக்கச் சொன்னாலும் மரியாதைக் குறைவு என்று எடுக்காதீர்கள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் பாட்டுக் கேட்கிறோம் என்று கழற்றச் சொல்லாதீர்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி ஆட்டிச விழிப்புணர்வு நாள். 2008 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. ஒருமுறை அதற்கான பேரணியைச் செண்டைமேளத்தோடு பார்த்தேன். அதில் நடந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். விழிப்புணர்வு வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு இடம்தான் வரவில்லை.

கடைசியாக, மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளை காணாமல் போவது சட்டென்று நடக்கும். சத்தம் தாங்காமல் அமைதியான இடத்தைத் தேடி ஓடும், அல்லது பிடித்த ஒன்றைத் தேடிப் போகும். நீங்கள் மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பாது. கூப்பிடும் சத்தமே இன்னும் தூரம் ஓட வைக்கலாம். பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேல் பெரிய ஈர்ப்பு. வழிதவறிய ஆட்டிசப் பிள்ளைகள் இறந்துபோகும்போது, பெரும்பாலும் நீரில் மூழ்கியே இறக்கிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் மாவட்டத்தைப் பாருங்கள்: கோயிலை ஒட்டிக் குளம், வயலை ஒட்டிச் சானல் (வாய்க்கால்), மேற்கே ஆறு, கரையோர ஊர்களில் ஆலயத்தின் முன்னாலேயே கடல். ஆகவே பிள்ளையைக் காணவில்லை என்று ஒரு தாய் ஓடிவந்தால், அறிவிப்புக்கு முன்னால் குளத்துக்கும் சானல்கரைக்கும் இரண்டு பேரை அனுப்புங்கள். அதன் பிறகு பந்தலைத் தேடலாம். பிள்ளையைக் கண்டால் பின்னாலிருந்து பிடிக்காமல், எதிரில் சற்றுத் தள்ளிக் குத்தவைத்து, பைய, குறைந்த வார்த்தையில் பேசுங்கள். பெயர் கேட்டுப் பதில் வராவிட்டால் அதட்ட வேண்டாம். சட்டைக்குள்ளோ கழுத்திலோ போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வரி பிரிக்கப் போகும்போதே, எந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வாலண்டியர்களுக்கு நீங்கள் நடத்தும் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்ல என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். எழுதி எடுத்து வந்து வாசிப்பேன். கேள்வி கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அந்தக் கூட்டத்துக்கு மைக் வேண்டாம்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து உங்கள் ஊர்க்காரி